நம்பிக்கை மையத்துக்கு ஜோடியாகப் போனோம்: வயது வித்தியாசமுள்ள இரண்டு ஆண்களின் விமர்சனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகலாம், தைரியமாகப் போகலாம், முடிந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள். அரசு மருத்துவமனைகளில் இருக்கிற நம்பிக்கை மையத்தைத்தான் சொல்கிறேன், எச்.ஐ.வி பரிசோதனையும் ஆலோசனையும் காசு வாங்காமல் செய்கிற இடம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். அந்த ஒன்றை எதற்குக் குறைத்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதப் போகிறேன், ஏனென்றால் எங்களைப் போன்ற ஜோடிகளுக்கு அது முக்கியம்.

எங்களைப் போன்ற என்றால் இரண்டு ஆண்கள், எனக்கு 27, அவருக்கு 48. வெளியே போனால் "சித்தப்பாவா தம்பி?" என்று கேட்பார்கள், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். ஊர் பெயரும் மருத்துவமனை பெயரும் எழுதப் போவதில்லை, தென் மாவட்டம் ஒன்றில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மையங்களின் நடைமுறை தமிழ்நாடு முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் நான் சொல்வதில் பெரும்பகுதி உங்கள் ஊருக்கும் பொருந்தும்.

வயது வித்தியாசத்தை ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன் என்று சிலர் கேட்கலாம். ஜோடியில் ஒருவர் இருபது வருஷம் மூத்தவர் என்றால் அந்த இருபது வருஷத்தில் அவருக்கு வேறு உறவுகள் இருந்திருக்கும், அதில் தப்பு எதுவும் இல்லை, ஆனால் எங்கேயாவது கிருமி தொற்றியிருக்கும் வாய்ப்பும் அந்த அளவுக்குக் கூடியிருக்கும். இந்தியாவில் வயது வந்தவர்களில் எச்.ஐ.வி உள்ளவர்கள் சுமார் 0.2 சதவீதம் என்றால், ஆண்களோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்களிடையே அது 3 சதவீதத்துக்கு மேல். ஒருமுறை தொற்றினால் உடம்பை விட்டுப் போகாத கிருமி என்பதால், வருஷம் போகப் போக எண்ணிக்கை சேர்ந்துகொண்டே வரும். ஆக 22 வயதுப் பையன் தன் வயதுக்காரனோடு இருப்பதும் 45 வயதுக்காரரோடு இருப்பதும், அவன் ஒரே மாதிரி நடந்துகொண்டாலும்கூட, ஒரே அளவு ஆபத்து இல்லை. மூத்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களும் பரிசோதனை செய்துகொண்டு தன் நிலைமை என்னவென்று தெரிந்துவைத்திருந்தால் இந்த ஆபத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்புறம் யார் முடிவெடுக்கிறார் என்ற விஷயம். வாடகை அவர் கொடுக்கிறார், பைக் அவருடையது, வேலைக்குச் சிபாரிசு அவர் செய்தது, 'அண்ணா' என்று கூப்பிட்டே பழகிவிட்டது, அப்படிப்பட்ட ஒருவரிடம் "ஆணுறை போட்டுக்கோங்க" என்று சின்னவன் வாய் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த இடத்தில் இருப்பவனுக்குத்தான் தெரியும். "என்னை நம்பலையா?" என்று ஒரு கேள்வி வந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. எங்கள் வீட்டில் வாடகை பாதிப் பாதி, அவர் அதட்டுகிற ஆளும் கிடையாது, அப்படியும் அந்தப் பேச்சை எடுக்க எனக்குத் தயக்கம் இருந்தது.

அவர் தலைமுறைக்கு வேறொரு பிரச்சினை. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவில் எச்.ஐ.வி இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். என்னவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எய்ட்ஸ் என்றாலே ஆட்கொல்லி நோய், இருபதுகளில் இருக்கும்போது 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊரெல்லாம் போஸ்டர். அந்த விளம்பரத்தை இப்போதும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது, அந்த வகையில் அது நல்ல வேலை செய்தது. ஆனால் அது பேசியது பெண்களிடம் போகிற ஆண்களைப் பார்த்து. ஆணும் ஆணும் என்று ஒரு வார்த்தை இல்லை. அதனால் இவர் வயதில் இருக்கும் பலருக்கு இது பாலியல் தொழில் செய்யும் பெண்களிடமிருந்து வருகிற நோய், நமக்குள் பயமில்லை என்று மனதில் பதிந்துவிட்டது. உண்மை அதற்கு நேர் எதிர். ஆணுறை இல்லாமல் ஆசனவாய் வழியாக உறவு கொள்ளும்போதுதான், அதிலும் உள்ளே வாங்கிக்கொள்பவருக்குத்தான், மற்ற எந்த வகை உடலுறவையும்விடத் தொற்றும் வாய்ப்பு அதிகம். என் வயதுக்காரர்கள் கதை இன்னொரு மாதிரி, எங்களுக்கு போஸ்டரும் இல்லை, பயமும் இல்லை, இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

சரி, மையத்துக்கு வருகிறேன்.

ஓ.பி. வரிசையில் நிற்க வேண்டியதில்லை, நேராக உள்ளே போகலாம். பெயர், வயது, போன் நம்பர் கேட்டார்கள், எங்களிடம் ஆதார் கேட்கவில்லை. ஒரு அடையாள எண் கொடுக்கிறார்கள், அதற்கப்புறம் ரத்தக் குழாயிலும் தாளிலும் அந்த எண்தான் ஓடுகிறது. ஆலோசகர் ஒரு பெண், நாற்பது வயதுக்குள் இருப்பார். என்னைப் பார்த்து "கூட வந்திருக்கிறவங்க யாரு தம்பி?" என்றார். பார்ட்னர் என்றேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சரி, ரெண்டு பேருக்கும் பார்த்துடலாம். ஆனா முதல்ல ஒவ்வொருத்தரா வாங்க" என்றார். அந்த ஒரு வரிக்காகவே முதல் நட்சத்திரத்தைக் கொடுத்துவிட்டேன். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவை வெட்டிச் சுருக்கியதிலிருந்து வயது வந்த இருவர் சம்மதத்தோடு இருப்பது குற்றமில்லை என்று நமக்குத் தெரியும், இருந்தாலும் அரசு அலுவலக மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அதைச் சொல்லும்போது தொண்டை அடைக்கத்தான் செய்கிறது.

தனியாகக் கூப்பிட்டுப் பேசுவதுதான் இந்தச் சேவையில் எனக்கு ரொம்பப் பிடித்தது. கதவைச் சாத்திவிட்டு, கடைசியாக எப்போது உறவு, ஆணுறை இருந்ததா, அவரைத் தவிர வேறு யாராவது உண்டா, ஊசி போதை உண்டா, இதையெல்லாம் விலைவாசி விசாரிப்பது போல சாதாரணமாகக் கேட்டார். பிறகு, "வேண்டாம்னா உங்களால அவர்கிட்ட சொல்ல முடியுமா?" என்றார். எந்த டாக்டரும் அதுவரை என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. சொல்ல முடியும் என்றேன், அது உண்மையும்தான், ஆனால் முடியாது என்று சொல்ல வேண்டிய நிலைமையில் ஒரு பையன் அங்கே உட்கார்ந்திருந்தால் அவனுக்கு அந்த அறையும் அந்தக் கேள்வியும் எவ்வளவு பெரிய உதவி என்று நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் மூத்தவர் உட்கார்ந்திருந்தால் எவனும் வாய் திறக்க மாட்டான்.

சம்மதம் எழுதி வாங்கிய பிறகுதான் ரத்தம் எடுக்கிறார்கள். எச்.ஐ.வி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் வந்தது, 2018-லிருந்து அமலில் இருக்கிறது. அதன்படி உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக்கூடாது, முடிவை அடுத்தவருக்குச் சொல்லக்கூடாது, பாசிட்டிவ் என்று தெரிந்ததற்காக வேலையிலிருந்தோ வாடகை வீட்டிலிருந்தோ வெளியேற்றக்கூடாது. கையில் நரம்பிலிருந்து கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான், வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றால் நெகட்டிவ். ஏதாவது காட்டினால் உடனே பாசிட்டிவ் என்று சொல்லிவிட மாட்டார்கள், வேறு வகைக் கிட்டுகளில் இன்னும் இரண்டு முறை பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் உறுதி செய்வார்கள். அதே ரத்தத்தில் சிபிலிஸ் என்ற பால்வினை நோயையும் பார்த்தார்கள், அது நல்ல விஷயம், நம்மிடையே சிபிலிஸ் பற்றி யாருமே நினைப்பதில்லை. முடிவு அன்றைக்கே கிடைத்தது.

இப்போது குறைத்த நட்சத்திரம். அங்கே இருக்கும் பதிவேடு கணவன் மனைவிக்காகப் போட்டது. கணவன் மனைவி வந்தால் இருவரையும் சேர்த்துப் பார்க்கவும் பேசவும் வழி இருக்கிறது. இரண்டு ஆண்கள் வந்தால் கட்டம் இல்லை, அதனால் நாங்கள் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இரண்டு தனி ஆட்கள், இரண்டு எண்கள். முடிவை ஒன்றாக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று சொன்னபோது ஆலோசகர் யோசித்தார், வெளியே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார், கடைசியில் இருவரிடமும் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொண்டு உட்கார வைத்துச் சொன்னார். அவர் தயங்கியதைக் குறை சொல்ல மாட்டேன், சட்டம் அவர் தலையில்தான் விடியும். ஆனால் ஜோடியாகப் பரிசோதித்து ஜோடியாகவே முடிவு சொல்லும் முறைக்கு உலக சுகாதார நிறுவனம் 2012-லேயே வழிகாட்டி கொடுத்துவிட்டது. "நான் செக் பண்ணிட்டேன், ஒண்ணும் இல்ல" என்று மூத்தவர் வாயால் சொல்வதும் இருவரும் ஒரே மேஜையில் கேட்பதும் எப்படி ஒன்றாகும்? முதலாவதில் சின்னவன் நம்பித்தான் ஆக வேண்டும். இரண்டாவதில் யாரும் யாரையும் நம்ப வேண்டிய அவசியமே இல்லை. வயது வித்தியாசமுள்ள ஜோடிகளுக்கு இந்த மையத்தால் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான், அது கேட்டால்தான் கிடைக்கிறது.

நெகட்டிவ் என்றதும் பேச்சு சட்டென்று முடிந்துவிடுகிறது, அதுவும் எனக்குக் குறையாகப் பட்டது. கடைசி மூன்று மாதத்துக்குள் ஏதாவது நடந்திருந்தால் இந்தக் கிட்டில் தெரியாமல் போகலாம், மறுபடி வந்து பாருங்கள் என்று தெளிவாகச் சொன்னார்கள், அது சரி. கை நிறைய நிரோத் கொடுத்தார்கள், அதுவும் சரி. அதற்கு மேல் எதுவும் இல்லை. வெளியே வேறு உறவு நடந்தால் என்ன செய்வது, யார் யாரிடம் எப்படிச் சொல்வது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருவது, இதெல்லாம்தான் ஒரு ஜோடி உட்கார்ந்து பேச வேண்டியவை. அப்புறம் வராந்தாவில் ஒரு ஊழியர் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார், அடையாள எண்ணைக் கையில் கொடுத்துவிட்டுப் பெயரைக் கூப்பிடுவது சரியில்லை.

நிரோத் பற்றி ஒரு வார்த்தை. ஆணுறை நன்றாகத்தான் இருக்கிறது. பிரச்சினை எண்ணெய். நம் ஊரில் வீட்டுக்கு வீடு தேங்காய் எண்ணெய் இருக்கிறது, வழுவழுப்புக்குப் பாதிப்பேர் அதைத்தான் எடுக்கிறார்கள், சிலர் வாசலின். இரண்டுமே ரப்பர் ஆணுறையைப் பலவீனமாக்கிக் கிழித்துவிடும். தண்ணீரில் கரையும் ஜெல்லிதான் வேண்டும், மெடிக்கலில் கேட்டால் கிடைக்கும். மையத்தில் இதைச் சொல்லவும் இல்லை, ஜெல்லி கொடுக்கவும் இல்லை.

நாற்பத்தைந்து தாண்டியவருக்கு ஆணுறை போட்டதும் விறைப்பு குறைவது ரொம்ப சகஜம், சர்க்கரையும் பிரஷரும் இருந்தால் இன்னும். பல ஜோடிகளில் ஆணுறை ஓரங்கட்டப்படுவதற்கு உண்மையான காரணம் அதுதான், 'பிடிக்காது' என்று சொல்வது ஒரு சாக்கு. வெட்கத்தில் மூத்தவர் சொல்ல மாட்டார், மரியாதையில் சின்னவன் கேட்க மாட்டான். ஒரு டாக்டரிடம் போனால் தீர்வு இருக்கிறது. விறைப்புக்கான சில்டெனாபில் மாத்திரையைக் கடையில் தானாக வாங்கிப் போடாதீர்கள், நெஞ்சு வலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைச் சேர்த்துப் போட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும், உறவின்போது சிலர் முகர்கிற பாப்பர்ஸ் என்ற திரவத்தோடு சேர்ந்தாலும் அதே கதிதான். ஆலோசனை அறையில் வயது கேட்கிறார்கள், இதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்தால் எவ்வளவோ நல்லது.

அடுத்தது பிரெப், அதாவது எச்.ஐ.வி இல்லாதவர் தொற்றாமல் இருக்க முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை. இது எங்களுக்கு மையத்தில் கிடைக்கவில்லை, தனியாரிடம் போனோம். முதலில் பார்த்த டாக்டர், பெயர் வேண்டாம், எந்த ரத்தப் பரிசோதனையும் கேட்காமல் இருவருக்கும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். அது தவறான முறை. மாத்திரையில் இருப்பது டெனோபோவிர் 300 மில்லிகிராம், எம்ட்ரிசிடபின் 200 மில்லிகிராம். டெனோபோவிர் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, அதனால் ஆரம்பிப்பதற்கு முன்பே சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும், ஐம்பதை நெருங்குகிறவருக்கும் சர்க்கரை, பிரஷர் உள்ளவருக்கும் இது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கிருமியையும் இதே மருந்து அடக்கி வைக்கும், திடீரென நிறுத்தினால் கல்லீரலில் அது கிளம்பிவிடும். எச்.ஐ.வி இல்லை என்பதும் உறுதியாகத் தெரிய வேண்டும். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். முடிவு வந்தபோது, பத்து வருஷமாகச் சர்க்கரை உள்ள என்னவருக்குச் சிறுநீரக வடிகட்டும் திறன் 60-க்குக் கீழே இருந்தது, இந்த மாத்திரை அவருக்கு வேண்டாம் என்றார் டாக்டர். முதல் சீட்டையே நம்பி வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

ஆகவே எங்கள் வீட்டில் மாத்திரை எடுப்பது நான் மட்டும். அவர் வேலை விஷயமாக மாதத்தில் பாதி நாள் வெளியூரில், வெளியே உறவு நடக்கலாம் என்பதை இருவரும் ஒளிக்காமல் பேசி வைத்திருக்கிறோம், அங்கே அவருக்கு ஆணுறை. நான் தினமும் ஒன்று. முப்பது மாத்திரை டப்பா நாங்கள் வாங்கியபோது சுமார் 2,000 ரூபாய், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முதல் சில வாரம் கொஞ்சம் குமட்டல் இருந்தது, பிறகு இல்லை. எப்போதாவதுதான் உறவு என்பவர்களுக்கு இன்னொரு முறை இருக்கிறது: உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்னால் இரண்டு மாத்திரை, அந்த முதல் வேளையிலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48 மணி நேரத்தில் இன்னொன்று. ஆண்களுக்கு இந்த முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்டது, ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இந்த முறைக்குப் போக வேண்டாம். எந்த முறையாக இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி பரிசோதனை. சிபிலிஸையும் வெட்டை நோயையும் இந்த மாத்திரை தடுக்காது.

பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் உறவு முடிந்தது என்று நினைப்பவர்களுக்காக இதையும் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு ஜோடியில் மூத்தவருக்கு எச்.ஐ.வி இருக்கிறது, இளையவருக்கு இல்லை, வருஷக்கணக்காகச் சேர்ந்துதான் இருக்கிறார்கள். எச்.ஐ.வி-க்கான கூட்டு மருந்தை 2004 ஏப்ரலிலிருந்து அரசு இலவசமாகக் கொடுக்கிறது, 2017-லிருந்து உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறையும்வரை காத்திருக்காமல் கண்டுபிடித்த உடனே ஆரம்பிக்கிறார்கள். மாத்திரையை ஒழுங்காக எடுத்து ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால் உடலுறவு மூலம் அடுத்தவருக்குத் தொற்றாது. ஐரோப்பாவில் ஒருவருக்கு எச்.ஐ.வி இருந்து மற்றவருக்கு இல்லாத 782 ஆண் ஜோடிகளை வைத்து நடந்த பார்ட்னர்-2 ஆய்வு, முடிவு வெளிவந்தது 2019-ல். ஆணுறை இல்லாமல் இருந்தும் துணையிடமிருந்து துணைக்கு ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. இந்தச் செய்தியை மையத்துச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். நாங்கள் போன இடத்தில் ஒட்டியிருந்தது 'ஒருவனுக்கு ஒருத்தி' வகையான பழைய போஸ்டர்தான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வேலை நாளில், காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் லேப் ஆள் இருக்கிறாரா என்பது அன்றைய அதிர்ஷ்டம். உங்கள் ஊரில் எங்கே என்று தெரியாவிட்டால் 1097-க்கு போன் செய்யுங்கள், காசில்லாத அழைப்பு. ஆணுறை கிழிந்தது, அல்லது போடவே இல்லை என்று பயம் வந்தால் பரிசோதனைக்காகக் காத்திருக்காதீர்கள், 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் எடுக்கும் தடுப்பு மருந்து இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது, நேராக எச்.ஐ.வி-க்குக் கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்து டாக்டரிடமோ அவசரப் பிரிவிலோ கேளுங்கள். முடிவை இருவரும் ஒன்றாகக் கேட்க வேண்டும் என்றால் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே ஆலோசகரிடம் சொல்லி, சம்மதத்தை அப்போதே இருவரும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். தனியாகப் பேசும் நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், மூத்தவர் "நானும் கூட இருக்கேனே" என்றாலும் அவர் வெளியே பெஞ்சில் உட்காரட்டும்.